பக்கத்து வீட்டு நாய்

ஜூலை 2, ஞாயிறு

கோயமுத்தூர் ஃபிளாட்டை விட்டு இந்த ஓட்டு வீட்டுக்கு வந்து இன்றோடு எழுபது நாள். காலையில் கதவைத் திறந்தால் படியில் ஒரு நாய். செம்மண் நிறம், பெண் நாய், உடம்பெல்லாம் சேறு. என்னைப் பார்த்து வாலை ஆட்டவும் இல்லை, ஓடவும் இல்லை. நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

நேற்றுச் சோற்றில் பால் ஊற்றி வைத்தேன். வழித்துத் தின்றது. கழுத்தில் ஒரு கயிறு இருந்தது. சேறு அப்பி என்ன நிறம் என்றே தெரியவில்லை. இறுக்குமே என்று கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

யாராவது தேடி வந்தால் கொடுத்துவிடலாம்.

ஜூலை 4, செவ்வாய்

சந்தை நாள். ஐந்து ஒயர் கூடை கொண்டுபோனேன், மூன்று விற்றது. பச்சையும் வெள்ளையும் கலந்த நெல்லிக்காய் முடிச்சுக் கூடையை ஒரு புதுப்பெண் வாங்கினாள். வாங்கியதும் அதிலேயே தக்காளியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தோரு வருஷம் தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் இருந்தேன். "பாத்துச் சொல்றோங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். என் கையிலிருந்து ஒரு பொருளை வாங்கி யாரும் சிரித்ததில்லை.

எனக்குப் பக்கத்தில் சாக்கு விரிப்பவள் துளசிமணி. நாட்டுக்கோழி முட்டை, முருங்கைக்கீரை, கறிவேப்பிலை விற்கிறாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். முதல் வாரம் நான் வெயிலில் திணறியபோது தன் குடையை என் பக்கம் சாய்த்து வைத்தவள். இந்த ஊரில் என்னை "அக்கா" என்று கூப்பிடும் ஒரே ஆள். இன்று என்னவோ பேச்சே இல்லாமல் இருந்தாள். கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க்கா, தூக்கமில்லை" என்றாள்.

வீடு திரும்பியபோது நாய் படியிலேயே இருந்தது. மைனா என்று பெயர் வைத்தாயிற்று.

ஜூலை 7, வெள்ளி

பெங்களூரிலிருந்து தங்கை ரமணி பேசினாள். மைனா போட்டோவை அனுப்பியிருந்தேன். "அக்கா, நீ மட்டுந்தான் வாழற. நாங்கெல்லாம் ஓடிட்டிருக்கோம்" என்றாள்.

கூடை பின்னும்போது மைனா என் பாதத்தின் மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். கால் மரத்துப் போனாலும் எடுக்க மனம் வருவதில்லை. அம்மா இறந்த இந்த இரண்டு வருஷத்தில் என்னை யாரும் தொட்டதே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஜூலை 11, செவ்வாய்

துளசிமணியின் வெசனம் என்னவென்று தெரிந்தது. அவள் வீட்டு நாயைக் காணோமாம். போன மாசக் கடைசி வெள்ளிக்கிழமை தெருவில் ஒரு சாவு. எழவு வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடியதாம்.

"செவலைன்னு பேருங்க்கா. செவலை நெறம். பின்னங்கால்ல ஒத்த வெரல் மட்டும் வெள்ளை. கழுத்துல செவப்புக் கயிறு, மாகாளியம்மன் கோயில்ல கட்டுனது."

அவள் கணவர் ஆறுச்சாமி தென்னை ஏறுகிறவராம். போன வருஷம் வாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நான் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டாருங்க்கா. சண்டை போடுவாரு. செவலை முன்னாடி போனாத்தான் பின்னாடி போவாரு. அவரு நின்னா அது நிக்கும். இப்ப பதினோரு நாளா கட்டிலை விட்டு எறங்கலை."

நான் சொன்னேன்: "கெடச்சிரும் துளசிமணி. நானும் பாத்துச் சொல்றேன்."

செவலை நிறத்தில் இந்தப் பக்கம் எத்தனையோ நாய்கள் திரிகின்றன. நான் வெட்டிய கயிறு சிவப்புத்தானா என்று நினைவில்லை. சேறாக இருந்தது.

ஜூலை 12, புதன்

சும்மா ஒரு தடவை "செவலை" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஓடிவரும் நாய்தான். அதையும் பார்த்துவிடலாம் என்று "கத்தரிக்காய்" என்று கூப்பிட்டேன். வரவில்லை. தூறல் சத்தத்தில் கேட்டிருக்காது.

ஜூலை 14, வெள்ளி

மைனாவைக் குளிப்பாட்டினேன். இடது பின்னங்காலில் ஒரு விரல் வெள்ளை.

நிறைய நாய்களுக்கு அப்படி இருக்கும்.

ஜூலை 18, செவ்வாய்

துளசிமணிக்கு ஒரு கூடை பின்னிக் கொடுத்தேன். சிவப்பும் வெள்ளையும், சிவன்கண் முடிச்சு. அந்த முடிச்சு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. இரண்டு நாள் விரல் நுனியெல்லாம் எரிய எரியப் பின்னினேன். கையில் வாங்கியவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எதுக்குங்க்கா இத்தனை நல்ல கூடை?" என்று கேட்டாள். பிறகு ஆறு முட்டையைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

ஆறுச்சாமி நிலைமை எப்படி என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே. "சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காருங்க. சோறு வெச்சா, செவலை தின்னிருக்குமான்னு கேக்கறாரு" என்றாள்.

அந்த முட்டைகளில் இரண்டை அவித்து மைனாவுக்குக் கொடுத்தேன்.

ஜூலை 20, வியாழன்

மைனாவை இனி முன்பக்கம் கூட்டிப் போவதில்லை. பின்கதவு வழியாகத் தோப்புக்குள் நடப்பதே நல்லது. தெருவில் லாரி போகிறது. ரமணிக்குப் போட்டோ அனுப்புவதையும் நிறுத்திவிட்டேன். எப்போது பார்த்தாலும் நாய்ப்படம் அனுப்பினால் சலிப்பாக இருக்கும்.

ஜூலை 25, செவ்வாய்

துளசிமணிக்குச் சிவன்கண் முடிச்சு கற்றுக்கொள்ள ஆசையாம். "வியாழக்கெழமை உங்க ஊட்டுக்கு வரட்டுங்களாக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். வெங்காயக்கடை ராக்கியண்ணன் வேறு, "போ அம்மணி, போயிக் கத்துக்க, வீட்டுல உக்காந்து அழுகறதுக்கு இது பரவால்ல" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

வரட்டும். இரண்டு மணி நேரம்தானே.

ஜூலை 27, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு மைனாவைக் குளியலறையில் விட்டு, தின்ன ரொட்டித்துண்டு வைத்து, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மைனாவின் தட்டையும் பாயையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தரையில் கிடந்த முடியைப் பெருக்கினேன். அப்போதே எனக்குத் தெரியும். இதற்கு முன்னால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். விளக்குமாற்றைக் கையில் எடுத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

துளசிமணி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்தாள். சொந்தபந்தமான ஒறம்பரை வீட்டுக்கு வருகிற மாதிரி. ஒயரை வெட்டிக் கொடுத்து, முதல் முடிச்சு போட்டுக் காட்டினேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். "முட்டை பொறுக்கற கைங்க்கா இது, நோகாமப் பிடிக்கும்" என்று சிரித்தாள்.

அவள் குரல் கேட்டதும் உள்ளே ஆரம்பித்தது. முதலில் கதவைப் பிறாண்டும் சத்தம். பிறகு முனகல். நான் ரேடியோவைப் போட்டேன். முனகல் இன்னும் ஏறியது. அது குரைப்பில்லை. குழந்தை ஏங்கி ஏங்கி அழுவது போல.

துளசிமணியின் விரல்கள் முடிச்சிலேயே நின்றுவிட்டன.

"நாய் வெச்சிருக்கீங்களாக்கா?"

"இல்ல. பக்கத்து வீட்டு நாய். எங்க பாத்ரூம் சுவரும் அவங்க சுவரும் ஒண்ணு. இங்க இருக்கற மாதிரியே கேக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒயரைப் பார்த்தேன். இன்னும் நாலைந்து முடிச்சு போட்டாள், எல்லாம் சரியாகவே போட்டாள். பிறகு, "அவரு தனியா இருப்பாருங்க" என்று எழுந்துகொண்டாள். காபி போட்டு வைத்திருந்தேன், குடிக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டியபடி ஒரு நிமிஷம் நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பூர் போய் மூன்று மாசம் ஆகிறது. கதவில் பெரிய பூட்டு தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் அவள் தெருமுனைக்குப் போக வேண்டும்.

ஜூலை 28, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 31, திங்கள்

ஒரு வாரமாக அடித்த காற்று நின்று, காலையில் நல்ல இளவெயில். இந்தத் தெருவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று முன்வாசலிலேயே உட்கார்ந்து பின்னினேன். மைனாவையும் பக்கத்தில் விட்டேன். என் பாதத்தில் தலை வைத்துத் தூங்கினாள். எதிரே பூவரச மரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூ. இப்படி ஒரு காலை வேளைக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன்.

துளசிமணி எதுவும் கேட்கவில்லையே. அப்படியானால் அது அவள் நாயாக இருக்காது.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சந்தையில் துளசிமணியின் இடம் காலி.

ராக்கியண்ணனைக் கேட்டேன். "தெரியாதுங்களா? ஆறுச்சாமி நேத்துக் காலைல வாய்க்கா மேட்டுல உளுந்துட்டானுங்க. நல்லா இருந்த காலு முறிஞ்சுபோச்சு. பொள்ளாச்சிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

"அவருதான் கட்டிலை விட்டே எறங்கறதில்லைன்னு சொன்னாங்களே?"

"அதான் ஆச்சரியமுங்க. பொண்டாட்டி முட்டை பொறுக்கப் போனப்ப, குச்சிய ஊனிட்டுத் தன்னால கெளம்பிட்டான். அந்த மேட்டுப் பக்கம் எதுக்குப் போனான்னுதான் யாருக்கும் தெரியலை."

எனக்குத் தெரியும். வாய்க்கால் மேட்டு வழி என் தெருவுக்கு மட்டும்தான் வருகிறது.

கொண்டுபோன கூடைகளைப் பரப்பவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

நேற்று இரண்டு முறை மைனாவுக்குக் கயிறு கட்டினேன். இரண்டு முறையும் அவிழ்த்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களிடம் நாயைக் கொண்டுபோய் என்ன செய்வது என்று காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று அவர்கள் வீடு திரும்பியாயிற்று என்று பால்காரர் சொல்லிவிட்டார். அந்தக் காரணமும் போயிற்று.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

கொண்டுபோய் விட்டேன்.

வாய்க்கால் மேட்டு வழியாகவே போனேன். பாதி வழியில் நாய்க்கு இடம் தெரிந்துவிட்டது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியது, நான் பின்னால் ஓடினேன். துளசிமணி கோழிகளை அடைக்கும் கொடாப்பைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். நாய் அவள்மேல் பாய்ந்து, முகத்தை நக்கி, அங்கே நிற்காமல் நேராக வீட்டுக்குள் ஓடியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு ஆண் குரல்.

துளசிமணி வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"அது கொரலு எனக்குத் தெரியாதுங்களா?" மெதுவாகத்தான் சொன்னாள். "ஏழு வருசம் வளத்துனது. அன்னிக்கே கதவைத் தெறந்து கூட்டிட்டு வந்திருக்கலாம். உங்க மூஞ்சியைப் பாத்து முடியலை. நீங்களே கொண்டாருவீங்கன்னு இருந்தேன். ஒரு நாளு, ரெண்டு நாளு, மூணு நாளு. அவரு வெசனம் தாங்காம, அந்தத் தெருப்பக்கம் செவலை கொரலு கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு அவருகிட்ட வாய விட்டுட்டேன். அதான் போயிட்டாரு."

"துளசிமணி, நான்..."

"உங்க ஊட்டுல இருந்துச்சுன்னு அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அங்க வரைக்கும் போக முடியாம உளுந்தமேன்னு அதையே நெனச்சுட்டுக் கெடப்பாரு. சந்தையில சுத்துச்சு, புடிச்சுட்டு வந்தேன்னு சொல்லுங்க."

நான் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளே போனதும் அவளே சொன்னாள். ஆறுச்சாமி கட்டிலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தார். நாய் அவர் நெஞ்சில் ஏறிப் படுத்திருந்தது. வேலை செய்யும் ஒரு கையை நெற்றிவரை தூக்கி என்னைக் கும்பிட்டார். வாய் கோணியபடியே, "நல்லாருப்பீங்கம்மா" என்றார்.

நான் பதிலுக்குக் கும்பிட்டேன். கும்பிட்டேன்! அந்தக் கும்பிடு எனக்குரியது போல நின்று வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது துளசிமணி சிவப்பு வெள்ளைக் கூடையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க மேடம்."

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சந்தைக்குப் போகவில்லை. தலைவலி என்று பால்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

ரமணி பேசினாள். "மைனா எங்கக்கா? சத்தத்தையே காணோம்?" என்றாள். முழுவதையும் சொன்னேன். முதல் முறையாக இன்னொரு ஆளிடம், ஒன்றையும் மறைக்காமல். அவள் சிரித்தாள். "இதுக்கா இப்படி? தெருவுல வந்த நாய்க்குச் சோறு போட்ட. தப்பென்ன? வேணும்னா ஒரு நல்ல குட்டியா வாங்கிக்கோ."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறுச்சாமியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் என் பாரம் இறங்கும், அவர்மேல் ஏறும். துளசிமணி அதைத்தான் வேண்டாம் என்றாள். எனக்கு எது சுலபமோ அதையே நியாயம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது?

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். துளசிமணி என் இடத்திலிருந்து நாலு கடை தள்ளிச் சாக்கு விரித்திருந்தாள். ராக்கியண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கூடைகூட விற்கவில்லை. கடை கட்டும் நேரத்தில் அவளாகவே வந்து நின்றாள்.

"அவரு உங்கள வரச் சொல்றாருங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியலை."

ஆகஸ்ட் 16, புதன்

போனேன். துளசிமணி கதவைத் திறந்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நாய் என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டி ஓடிவந்து கையை முகர்ந்தது. பிறகு திரும்பிப் போய்க் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

ஆறுச்சாமிக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வரும். காத்திருக்க வேண்டும்.

"ஏனுங்கம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவளுக்குத் தெரிய வேண்டாம்." மூச்சு வாங்கினார். "நான் அன்னிக்கு உங்க ஊட்டுக்கு வந்தேனுங்க."

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பூவரச மரத்துக்கிட்ட நின்னேன். நீங்க கூடை பின்னீட்டிருந்தீங்க. இது உங்க காலு மேல தலைய வெச்சுத் தூங்குச்சு."

"ஏன் கூப்பிடலை? கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்குமே!"

அவர் நாயைப் பார்த்தார். "வாயெடுத்தனுங்க. அப்பறம் பயமாப் போச்சு. இந்தக் கோணவாய்ல கூப்பிட்டு, அது தலையத் தூக்கிப் பாத்துட்டு, மறுக்காப் படுத்துக்கிச்சுன்னா? அதைப் பாத்துட்டு நான் எப்படித் திரும்பி நடக்கறது? அதான், இருக்கட்டும்னு திரும்பிட்டேன். வார வழில மேட்டுல காலு வழுக்கிருச்சு."

நான் அழுதேன். அழுவதற்குக்கூட எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் அழுதேன்.

"தெரிஞ்சுமா அன்னிக்குக் கும்பிட்டீங்க?"

"கொண்டாந்தீங்கல்ல. கொண்டாராமயும் இருந்திருக்கலாம்." பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "ஆனா நீங்க பண்ணுனது தப்புத்தானுங்க. முப்பத்தேழு நாளு. நான் எண்ணிட்டே கெடந்தேன்."

"தப்புத்தான்" என்றேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் மன்னித்துவிடுவார் என்று பயமாக இருந்தது.

துளசிமணி குடத்தோடு வரும் சத்தம் கேட்டது. அவர் குரலை மாற்றினார். "செவலை நடக்காமக் கெடந்து பெருத்துட்டு வருதுங்க. எனக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் மாசமாகும். இவளுக்கு வேலை இருக்குது. காலைல நீங்க கொஞ்சம் நடத்திக் கூட்டீட்டு வாங்க. திரும்பக் கொண்டாந்து உட்ருங்க."

கடைசி வார்த்தையை அழுத்தித்தான் சொன்னார்.

துளசிமணி குடத்தை இறக்கி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். நான் அழுதிருப்பது தெரிந்திருக்கும். "ஆறு மணிக்கு வந்துருங்க மேடம். நேரமாச்சுன்னா கத்தும்" என்றாள்.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஆறு மணிக்குப் போனேன். துளசிமணி கயிற்றை என் கையில் கொடுத்தாள்.

ஆள் நடமாட்டமில்லாத தோப்புப் பக்கம் போகலாம் என்று நினைத்திருந்தேன். செவலை விடவில்லை. கடைவீதிக்கு இழுத்தது. நேராக டீக்கடை வாசலில் போய், பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டது. இழுத்தேன், அசையவில்லை. ஆறுச்சாமி அங்கே உட்கார்ந்து ஒரு டீயைச் சாவகாசமாகக் குடிப்பாராம். அந்த நேரம் முடியாமல் அது எழுந்திருக்காதாம். டீக்கடைக்காரர் சொன்னார்.

"இது ஆறுச்சாமி நாயாச்சே? கெடச்சிருச்சுங்களா? எங்க இருந்துச்சு?"

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். ராக்கியண்ணனும் டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்.

சந்தையில் என்று சொல்லியிருக்கலாம். "துளசிமணியம்மா வீட்டுக்காரருகிட்ட இதைச் சொல்ல வேண்டாம்" என்று முதலில் கேட்டுக்கொண்டேன். ஆறுச்சாமிக்கு எல்லாம் தெரியும் என்பது துளசிமணிக்குத் தெரியாதல்லவா? அவள் கேட்டதையும் நான் காப்பாற்ற வேண்டும். அப்புறம் சொன்னேன்.

"என்கிட்டதான் இருந்துச்சு. அவங்களுதுன்னு தெரிஞ்சும் குடுக்காம வெச்சிருந்தேன்."

ராக்கியண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். டீக்கடைக்காரர் மட்டும், உட்காரச் சொல்லாமல், ஒரு டீயை என் முன்னால் வைத்தார். நின்றபடியே குடித்தேன். செவலை எழுந்திருக்கிற வழியாக இல்லை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது எழுந்திருக்கும் வரை அங்கேயே நின்றேன்.